காய்ச்சல் என்று சொன்னார்கள்

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களின் மரியாதையை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மரியாதை என்னைக் கொல்லப் பார்த்தது.

பித்தப்பையில் கல். பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கட்டிலருகே வந்து கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால ஏதாவது ஆகியிருக்கா?" எனக்குத் தெரிந்து யாருமில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் அண்ணனைப் பார்த்தார். வெள்ளகோவிலிலிருந்து இளநீரும் கையுமாக வந்திருந்த பெரியப்பா, சிரித்த முகம் மாறாமல் சொன்னார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

மறுநாள் மேசையில் படுத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். உடம்பெல்லாம் உலக்கையால் இடித்ததுபோல் வலி. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மயங்கிய கொஞ்ச நேரத்திலேயே என் தாடை இறுகி, உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. இன்னதென்று டாக்டருக்கு உடனே பிடிபட்டது. மாற்று மருந்தும் கையிருப்பில் இருந்தது. அதனால் பிழைத்தேன்.

அவர்தான் பிறகு விளக்கினார். தசைக்குள் சின்னச் சின்ன அறைகளில் கால்சியம் இருக்குமாம். கையைத் தூக்கும்போது அது வெளியே வந்து தசையைச் சுருக்கும். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். என்னைப் போன்றவர்களுக்கு அந்த அறைகளின் கதவில் பிறவியிலேயே கோளாறு. சில மயக்க வாயுக்கள் பட்டால் கதவு திறந்தபடியே நின்றுவிடும். கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கும், தசை விடாமல் இறுகிக் கொதிக்கும். அணைக்க ஆளில்லாமல் ஓடும் மோட்டாரில் கம்பிச்சுருள் கருகிப்போகுமே, அப்படித்தான் என்று நான் புரிந்துகொண்டேன். மற்ற நாட்களில் எந்தத் தொந்தரவும் தெரியாது.

"அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மருந்து குடுத்திருப்பேன், அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான்! டாக்டர் வெளியே போனதும் அம்மா உடைந்து அழுதாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு மகன் இருந்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பள்ளிக்கூடம் போகிற வயதில் செத்துப்போன அண்ணன். விஷக்காய்ச்சல் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். உண்மையில் அவன் செத்தது தொண்டைச் சதையை எடுக்கும் ஆபரேஷனில். மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு கொதித்திருக்கிறது. காய்ச்சலை வைத்துக்கொண்டு ஆபரேஷனை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் ஏதோ கோளாறு என்று பேர் வந்தால் பெண்களை யார் கட்டுவார்கள் என்ற பயம்.

பெரியப்பாவிடமே கேட்டேன். "நல்லபடியா ஆபரேசனுக்குப் போகையில அந்தப் பேச்சு எதுக்குன்னு உட்டுப்போட்டேன் கண்ணு" என்றார். அதாவது, நான் பிணமாக வெளியே வந்தாலும் பரவாயில்லை, அவர் வாயிலிருந்து அபசகுனமாக ஒரு சொல் வந்துவிடக் கூடாது.

இதோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவருடைய மகள், எனக்கு அக்கா, சோமனூரில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பல வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அவளுக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம். பிரசவத்தில் அவசரமாக வயிற்றைக் கிழிக்க நேர்ந்து முழு மயக்கம் கொடுத்தால்? அவளிடம் சொல்லச் சொல்லிப் பெரியப்பாவிடம் கெஞ்சினேன்.

"சம்மந்தி ஊட்ல என்ன நெனப்பாங்க? கொழந்த பொறக்கட்டும் அம்மணி, அப்பறம் பாத்துக்கலாம்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

போனில் சொல்லிப் பயமுறுத்த மனம் வரவில்லை. வளைகாப்புக்குச் சோமனூர் போனேன். வளையல் அடுக்கி முடித்து, பந்தலில் கட்டுச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளுடைய மாமியார் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா ஓடி வந்து என் தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன்.

மாமியார் நிமிர்ந்தார். "ஏனுங்க சம்மந்தி, இதச் சொல்றதுக்கு என்னங்க? எங்கூட்ல அத்தன பேருக்கும் சர்க்கரை. அதச் சொல்லிப்போட்டுத்தானுங்க பொண்ணு கேட்டு வந்தோம். நாளைக்கே டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடலாம்."

முடிந்தது. பந்தல் சாயவில்லை, யாரும் தாலியைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்த ஒன்றுமில்லாத பயத்துக்காகவா செத்த பையனை இரண்டாம் முறை புதைத்தீர்கள்? இதற்காகவா என்னை மேசையில் ஏற்றினீர்கள்?

அக்காவுக்குத் தன் அண்ணனை நன்றாக ஞாபகம் இருந்தது. கை நிறைய வளையலோடு தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கப்பா, என்னையக் கட்டிக் குடுக்கறதுக்கா அண்ணனை மறைச்சீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு…" என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"வாயை மூடுங்க பெரியப்பா" என்று கத்தினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.