தீயில் பிளந்த பச்சைக்கல்

நெருப்பு காட்டுமுன் கல்லைக் கழற்றிவிட வேண்டும். நகைப் பட்டறையின் பொது விதி இது. பெல்ட்ஸ்பார் என்ற கனிம இனத்துப் பச்சைக்கல்லுக்குக் கட்டாய விதி. என் மனைவியின் பதக்கத்தில் அறுந்த வளையத்தைப் பற்றவைத்த ஓசூர் ஆசாரி அதைப் பின்பற்றவில்லை.

"பச்சக் கல்லுதானுங்க சார், கெம்பு மாதிரி தாங்கிக்கும்னு நெனச்சிட்டேன்" என்றார்.

கல் இரண்டாகியிருந்தது. அதனுள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. சூடோ அடியோ பட்டால் அந்த வழியாகவே ஒழுங்காகப் பிரியும். நடைமுறை தெரிந்த கல்.

கனிமத் துறையில் வேலையில் இருந்தபோது அதை ஒரு குவாரியில் எழுத்துமூலம் அனுமதி பெற்று எடுத்துவந்தேன். கையளவுக் கல்லுக்கு மனுப் போட்டவன் என்று அலுவலகமே சிரித்தது. பட்டை தீட்டினாலும் ஒளி ஊடுருவாது. பாலில் கலந்த பச்சை, நடுவே வெள்ளைக் கீற்று. அதனால் உருட்டி மணியாகவோ பதக்கமாகவோ செய்வார்கள். மன அமைதி தரும் என்றும் விற்கிறார்கள். அணிந்தவள் என்னோடு குடித்தனம் நடத்தியதால் அந்தக் கூற்றை நியாயமாகச் சோதிக்க முடியவில்லை.

"என்ன வெலைக்குப் போவுங்க?" என்று கேட்டாள் மனைவி, பதக்கம் செய்து கொடுத்த அன்று.

"பெருசா ஒண்ணும் போவாது."

"அப்ப எவனும் அறுத்துட்டுப் போவ மாட்டான். தைரியமா போட்டுக்கிறேன்."

கடைசிவரை கழற்றவில்லை.

அவள் போனபின் பெங்களூரில் இருக்கும் மகள் வருவதில்லை. ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்கள் தினமும் போய்வரும் தூரம்தான். "அம்மா இல்லாத வீட்டுல கால் வெக்க முடியலப்பா" என்றாள் போனில். பதக்கத்தைச் சரிசெய்தால் அதை வாங்கவாவது வருவாள் என்றுதான் ஆசாரியிடம் கொடுத்தேன்.

கல் பிளந்ததை வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். பழக்கதோஷம், அலுவலகக் கடிதம் போலவே: பொருள், பார்வை, கீழே கல்லின் கடினத்தன்மை, பிளவின் திசை, ஒட்டினால் தழும்பு தெரியும் என்ற குறிப்பு, 'தக்க முடிவைத் தெரிவிக்க வேண்டப்படுகிறது.' வீட்டுக்கு வா என்பது மட்டும் எந்தப் பத்தியிலும் பொருந்தவில்லை. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. இரண்டாம் நினைவூட்டலில் பொருளையும் பார்வையையும் நீக்கினேன், பிறகு மற்றவற்றையும். ஒரு வரிதான் மிஞ்சியது: 'உங்கம்மாவப் பாக்கணும்போல இருக்குதும்மா.'

'ஒட்ட வேணாம்பா. ஒரு துண்டு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. வந்து வாங்கிக்கிறேன்' என்று அவளிடமிருந்து பதில் வந்தது ஆடிப்பெருக்கு அன்று.