ஆணிப் பலகையில் அப்பாவின் வள்ளம்

என் அக்காவுக்கு நான்கு வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். ஆகவே அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போவது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே வந்த வேலை. என் வலக்கை அவளுக்கு, இடக்கை எனக்கு. நான் இடக்கைக்காரி. சாப்பிடும்போது அம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சிலேட்டுக் குச்சியை மற்றக் கைக்கு மாற்றிவிடுவார். மற்ற வேலைகளில் நான் எந்தக் கையைப் பாவிக்கிறேன் என்று யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால், கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. எல்லா வகுப்புக்கும் ஒரே கொட்டில், ஒரே டீச்சர். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். வருடத்துக்கு ஒருமுறை கோட்டுப் போட்ட வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். ஒருமுறை நாங்கள் எல்லோரும் படம் கீறிக்கொண்டிருக்க, அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததைக் கண்டுவிட்டார். அடுத்தமுறை வரும்போது இந்தப் பிள்ளையும் மற்றவர்கள் செய்வதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வரவு இடாப்பில் பெயரை வெட்டிவிடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு அப்பாவிடம் வந்து பழைய வள்ளத்துப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் விரல் இடைவெளிக்கு ஒன்றாகச் சின்ன ஆணிகளை நிறைய அடிப்பித்தார். அக்கா அம்மாவோடு இருந்து கிழிந்த வலை பொத்துகிறவள், நூல் அவள் சொன்னபடி கேட்கும். ஆணிக்கு ஆணி நூலை இழுத்து, திரும்பும் இடத்தில் ஒரு கட்டுப் போட்டால் அது கோடு. எங்களுக்குக் கரும்பலகையில் பானை, அவளுக்குக் கையில் பானை. சட்டி, சங்கு, நண்டோடு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கட்டினாள். படம் கீறும் பாடம் வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வித்தியாதரிசிக்குக் காட்ட வள்ளம் என்று முடிவானது. கரையில் ஏற்றியிருந்த அப்பாவின் வள்ளத்தை அக்கா ஒரு காலைப்பொழுது முழுக்கத் தடவினாள். உள்ளே இறங்கினாள், அடியில் படுத்துக் கையை விட்டாள். பிறகு மூன்று நாள் இருந்து கட்டினாள்.

அதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் குறுக்குப் பலகைகளும் வரிசையாகத் தெரிய, பிளந்து காயப்போட்ட மீனைப்போலக் கிடந்தது வள்ளம். "இது என்ன, கருவாடா?" என்றான் ஒருவன். டீச்சர் அவனை முழங்காலில் நிற்க வைத்தார்.

"அப்பிடியே இருக்கட்டும். அவள்ட வள்ளம் அப்பிடித்தான்" என்றார்.

டீச்சருக்கு என்ன, வித்தியாதரிசி சிரித்தால் வெட்டுப்படுவது எங்கள் அக்காவின் பெயரல்லவா என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடம் கூட்டும் முறை அன்று எனக்கு. அக்காவை அம்மா வந்து கூட்டிப்போய், எல்லோரும் போன பிறகு, பலகையை மூடியிருந்த சீலையை எடுத்துவிட்டு அக்காவின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கரும்பலகையில் டீச்சர் கீறியிருந்த மாதிரியே, பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் வள்ளமாக, பாய்மரமும் வைத்து அழகாகக் கட்டினேன். சீலையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நல்ல காரியம் செய்தவளின் ஓட்டம் அது.

மறுநாள் வித்தியாதரிசி சீலையை எடுத்தார். "ஆ, நல்ல வள்ளம்!" என்றார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. டீச்சரின் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

"பிள்ளை, இது என்ன, எதெது எங்கே இருக்கிறது என்று தொட்டுச் சொல்லு, பார்ப்போம்" என்றார் வித்தியாதரிசி அக்காவிடம்.

அக்கா கையை வைத்தாள். விரல்கள் போயின, நின்றன, திரும்பி வந்தன. குறுக்குப் பலகையைத் தேடின. விளிம்பைத் தேடின.

"உண்மையில் இதைக் கட்டியது யார்?" வித்தியாதரிசி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்காவின் விரல் ஒரு கட்டில் போய் நின்று, அதை நசித்துத் திருப்பிப் பார்த்தது.

"நான்தான் கட்டினனான், ஐயா. எனக்கு மறந்து போச்சு."

"நேற்றுச் செய்ததை இன்றைக்கு மறக்கிற பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்றார் அவர். கோபத்தோடு சொல்லவில்லை, பரிதாபத்தோடுதான் சொன்னார். அவர் முன்னாலேயே இடாப்பில் கோடு விழுந்தது.

எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஆறுதலும் இருந்தது, நான் அகப்படவில்லையே என்று. அக்காவுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது என்று நம்பினேன். அவள்மேல் கோபம்கூட வந்தது. "எப்பிடியக்கா மறந்தனீ?" என்று வீட்டில் கேட்டேன். "ஓம், மறந்திட்டன்" என்றாள். அதன் பிறகு அவள் வாழ்நாளில் ஒரு படமும் கட்டவில்லை, வலைதான் பொத்தினாள்.

எனக்குக் கலியாணமாகி மூத்தவன் தவழும் வயதில், ஒருநாள் அம்மாவும் நானும் பொத்திய வலையை அக்கா மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "இது அம்மா. இது நீ. இதுவும் நீதான்" என்றாள். எப்படித் தெரியும் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"உன்ட கட்டு மற்றப் பக்கமெல்லோ திரும்பும். சின்னனிலேயே அப்பிடித்தானே."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் அடுத்த கண்ணிக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

இடாப்பில் பெயர் வெட்டுப்பட்ட அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அவள் வழக்கமான என் வலக்கையை விட்டுவிட்டு மற்றக் கையைத் தேடிப் பிடித்தாள். விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். வலக்கை வியர்த்திருந்ததாக்கும் என்று நினைத்து, அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்தேன்.