கரப்பான் மருந்து அடிக்க வந்தவர்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கரப்பான் மருந்து அடிக்க வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், தொளதொளத்த சீருடை, மூக்கை மறைக்க ஒரு கைக்குட்டை. சமையலறையில் மருந்து டப்பாவை இறக்கி வைத்தவர், "சார், கொஞ்சம் சக்கர கெடைக்குமா?" என்றார். அவர் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை.

சர்க்கரையை நீட்டினேன். அந்த நிலையிலும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அதைத் தொட்டார்.

சற்றுத் தெளிந்ததும், "சுகர் சார். ஊசி போட்டுக்கினு, சாப்டாம வந்துட்டேன்" என்றார்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் கெடையாது. நான் ஸ்வீட்டே துன்றதில்ல. இந்த மருந்தாலயான்னு டாக்டராண்ட கேட்டேன். வருஷக்கணக்கா மூச்சுலயும் தோல்லயும் எறங்குனா கணையத்த கெடுக்கலாம், ஆனா உனக்கு அதாலதான்னு உறுதியா சொல்ல முடியாதுன்னாரு."

"இன்னிக்கு விட்டுடுங்களேன்."

"நாளைக்கும் நான்தான சார் வரணும்?" என்றவர், என் மகள் தவழ்ந்து வருவதைப் பார்த்துவிட்டார். "கொயந்தைய இட்டுக்கினு வெளில போய்டுங்க. நான் சொல்றவரைக்கும் உள்ள வராதீங்க."

"நீங்க?"

"அடிக்கிறவன் உள்ளதான சார் இருக்கணும்."

எங்கள் பக்கம் நெடி வராமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மகளோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன். மருந்து பீய்ச்சும் சத்தம் உள்ளே அறை அறையாக நகர்ந்தது. அது நின்றபோதெல்லாம் எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன்.