சாதிக் பாயின் மடக்குக் கத்தியில் நான் மாற்றியது

1. ஸ்டார் ஸ்க்ரூ

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கிணற்றில் விழுந்த போன், டிராக்டர் ஏறிய போன், குழந்தை கடித்த போன் எல்லாம் என் டேபிளுக்கு வந்திருக்கின்றன. கத்தி வந்தது ஒரே முறைதான். ஆனால் வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்களிடம் நான் அதிகம் பேசுவது அந்தக் கத்தியைப் பற்றித்தான்.

சாதிக் பாய் சார்ஜிங் போர்ட் மாற்ற வந்திருந்தார். லப்பைக்குடிகாடு அவருக்குச் சொந்த ஊர். பல வருஷம் துபாயில் ஒரு குடோனில் வேலை பார்த்தவர். அங்கே கன்வேயர் பெல்ட்டில் மாட்டி வலது கைக் கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, ஜெயங்கொண்டத்தில் ஒரு களம் பிடித்து முந்திரிக்கொட்டை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்.

நான் போனின் அடி ஸ்க்ரூவைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அக்கா, அது ஸ்டார் பிட்தானே? இன்னும் கொஞ்சம் பெரிய சைஸ் இருக்கா?"

"இருக்கு பாய். எதுக்கு?"

இடது கையால் பாக்கெட்டிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து வைத்தார். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற ரகம் இல்லை. கைப்பிடியின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் மங்கிய வெள்ளியில் பிளேடு, எல்லா இடத்திலும் குட்டிக் குட்டி நட்சத்திர ஸ்க்ரூ. கூடவே ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். அதில் கார்பன் ஃபைபர் கைப்பிடிப் பட்டை ஒரு ஜோடி, டைட்டானியம் கிளிப், வட்டமான இரண்டு பேரிங்.

"மச்சினன் துபாய்லேர்ந்து அனுப்புனான். இதையெல்லாம் மாட்டணும். முக்கியமா பேரிங். பிளேடு இப்ப ரொம்ப இறுக்கமா வருது. இடது கையால ஒரு தட்டு தட்டுனா பட்டுனு தொறக்கணும். இங்க யாருகிட்ட குடுத்தாலும் சாணை புடிச்சுத் தரேங்குறாங்க."

"நான் கத்தியே பிரிச்சதில்லீங்க."

"போன பிரிக்கிறீங்கல்ல. அதுல இருக்குறதுக்கு இதுல பாதி கூட இல்ல."

எனக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

2. கறுப்புப் பிசின்

கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் பிரித்தேன். ஸ்க்ரூ அசையவில்லை. மரையில் பசை போட்டு இறுக்கியிருந்தார்கள். போர்டிலிருந்து ஐசி எடுக்கிற ஹாட் ஏர் கன்னை லேசாகக் காட்டினேன். பசை இளகி ஸ்க்ரூ சுழன்றது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றக் கழற்ற போட்டோ எடுத்துக்கொண்டு காந்த விரிப்பில் வரிசையாக வைத்தேன்.

அமைப்பு எளிமையானதுதான். பிளேடு ஒரு அச்சில் சுழல்கிறது. அச்சின் இரண்டு பக்கமும் பித்தளை நிறத்தில் மெல்லிய வாஷர். கைப்பிடிக்குள்ளே ஒரு ஸ்டீல் தகடு. பிளேடு முழுதாகத் திறந்ததும் அந்தத் தகடு அதன் பின்னால் வந்து முட்டுக் கொடுக்கும். அதுதான் லாக். மூடும்போது தகட்டை விரலால் ஒதுக்கினால் பிளேடு விடுபடும்.

வாஷரை எடுத்ததும்தான் இறுக்கத்துக்குக் காரணம் தெரிந்தது. தார் மாதிரி கறுப்பாக ஒரு பிசின். கிரீஸ் இல்லை, துருவும் இல்லை. விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தேன். போர்டு துடைக்கிற ஸ்பிரிட்டை ஊற்றினேன், கொஞ்சம்தான் கரைந்தது. எங்கிருந்து வந்தது என்று புரியவேயில்லை. மறுநாள் அந்த விரல் நுனி சிவந்து கொப்பளம் போட்டது. போன் செய்தேன்.

"பாய், இந்தக் கத்தியால என்ன அறுப்பீங்க?"

"சாக்குத் தையல் அறுப்பேன். அப்பறம் கொட்டைய வெட்டிப் பருப்பு எப்படி இருக்குனு பாப்பேன். சாம்பிள் பாக்காம எப்படி வாங்குறது?"

அப்போதுதான் விளங்கியது. முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய். தோலைச் சுடும், காய்ந்தால் வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெட்டுகிற ஒவ்வொரு கொட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அச்சுக்குள் இறங்கியிருக்கிறது.

கையுறை போட்டுக்கொண்டு ஊறவைத்து, தேய்த்து, பழைய வாஷரையே மாட்டிப் பார்த்தேன். பிளேடு வழுக்கிக்கொண்டு வந்தது. எதையும் மாற்றவே தேவையில்லை.

ஆனாலும் பேரிங் கையில் இருக்கும்போது மாட்டிப் பார்க்காமல் எப்படி விடுவது? வாஷர் இருந்த பள்ளத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு தட்டில் திறந்தது. சத்தமே அழகாக இருந்தது. மூடுவதற்காக லாக்கை ஒதுக்கினேன். பிளேடு தன் எடையிலேயே சரேலென்று இறங்கியது. கட்டைவிரலை எடுக்க ஒரு நொடி தாமதித்திருந்தால் நகத்தோடு போயிருக்கும்.

3. மூடிக் காட்டச் சொன்னேன்

அந்த வாரமே அவர் வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, பேரிங் போட்ட கத்தியை நீட்டினேன். இடது கையில் வாங்கித் தட்டினார். திறந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மறுபேச்சுப் பேச மனசு வராது.

"இதான் அக்கா. இதேதான்."

"மூடிக் காட்டுங்க."

"அது கெடக்கு."

"காட்டுங்க பாய்."

லாக் தகடு வலது கைக்காரருக்காகச் செய்தது. வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் நேராகத் தகட்டில் போய் உட்காரும். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் தப்பான பக்கத்தில் இருக்கும். அவர் ஆள்காட்டி விரலை மடக்கி உள்ளே விட்டுத் தகட்டைத் துழாவினார். விரல் வழுக்கி பிளேடு வந்து விழுகிற பாதைக்கே போனது. நான் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். குறுக்கே பழைய வெட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"இறுக்கமா இருந்தப்பவே இத்தனை வெட்டு. பேரிங் போட்டா இந்த விரலும் போயிடும். நான் இத இப்படியே தர மாட்டேன்."

அவர் கத்தியை டேபிளில் வைத்தார்.

"ஒங்களுக்குத் தெரியாதுக்கா. களத்துல நான் கத்திய எடுத்தாலே விவசாயி கைய நீட்டிடுவான். 'குடுங்க பாய், நான் வெட்டித் தரேன்'னு. நல்ல மனசுலதான் கேக்குறான். ஆனா எடுத்து, தடவி, தொறக்குறதுக்குள்ள எல்லாரும் என் கையவே பாப்பாங்க பாருங்க, அது வேணாம்னுதான் இத்தனையும்."

அவர் கேட்டது பேரிங் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. களத்துக்கு வந்து பாக்கட்டுமா? அதுவரைக்கும் பழைய வாஷர்லயே வச்சிருங்க."

மாட்டிக் கொடுத்தேன். அரை மனசாக வாங்கிக்கொண்டு போனார்.

4. ஜெயங்கொண்டத்துக் களம்

களம் ஊருக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. கொட்டை சிமெண்டுத் தரையில் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. பாயின் மனைவி ஜீனத்தும் அங்கேதான் தராசடியில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கத்திக்காரக்கா நீங்கதானா? அத வாங்கி வச்சுக்கிட்டுக் குடுக்காமயே இருந்திருக்கலாம்ல?"

ஒரு ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் போல வேடிக்கை பார்த்தேன். விக்கிரமங்கலம் பக்கமிருந்து ஒருவர் மூட்டைகளோடு வந்தார். பாய் தையலை அறுத்தார், கை நிறையக் கொட்டை அள்ளினார், மரக்கட்டையில் வைத்து வெட்டினார். சுத்தம் செய்த பிறகு திறப்பதில் அவருக்கு ஒரு தடங்கலும் இல்லை. வெட்டி முடித்ததும் கத்தியை மூடவில்லை. திறந்தபடியே கையில் வைத்துக்கொண்டு பேசினார், திறந்தபடியே சாக்கு மேல் போட்டார், மறுபடி எடுத்தார். சுற்றிலும் ஆட்கள் குனிந்து கொட்டை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஜீனத் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா? தொறக்குறதப் பத்தியே பேசுவாரு. மூடவே மாட்டாரு. மூடுனா விரல வெட்டிக்கும், அதான் பயம். போன மாசம் இது மேலயே உக்காரப் போனாரு."

சொல்லப்போனால் அந்தக் கத்தியில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்தது ஜீனத்தான். நான் அதற்கு வழி தேடியதோடு சரி.

கத்தியை வாங்கி அங்கேயே திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தேன், இடது கையால். பிளேடின் அடியில், அச்சை ஒட்டி, கூர் வைக்காத ஒரு சின்னப் பகுதி இருந்தது. லாக்கை அச்சுக்கு மிக அருகில், மேலே தள்ளினால், பிளேடு விழுந்தாலும் அந்த மொட்டைப் பகுதிதான் விரலில் வந்து தட்டும். வெட்டாது. ஆனால் அந்த இடத்தைக் கைப்பிடிப் பட்டை மூடியிருந்தது. விரல் அங்கே போக முடியாமல்தான் கீழே வழுக்கியது.

"பாய், இந்தப் பட்டைல ஒரு பள்ளம் எடுத்தா போதும்."

"பேரிங்?"

"வேணாம். முந்திரி எண்ணெய் பட்டா அந்தக் குண்டெல்லாம் ஒரே வாரத்துல ஒட்டிக்கும். வாஷர்னா தொடச்சுப் போட்டுக்கலாம். அது பிளேடக் கொஞ்சம் புடிச்சும் நிறுத்தும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. "பட்டுனு தொறக்காதே."

ஜீனத் தராசடியிலிருந்தே சொன்னார்: "பட்டுனு தொறந்து யாருக்குக் காட்டப் போறீங்க? பட்டுனு மூடுங்க, எனக்கு அது போதும்."

5. மாற்றிய பாகங்கள்

கத்தி என்னோடு கடைக்கு வந்தது. கார்பன் பட்டையில் நேரடியாகக் கை வைக்கப் பயமாக இருந்தது. முதலில் பழைய பட்டையில் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அவரைக் கூப்பிட்டு விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆழம் போதவில்லை. மறுபடி தேய்த்தேன். அளவு சரியானதும் அதே வடிவத்தைக் கார்பன் பட்டையில் வரைந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. கிளிப்பை இடது பாக்கெட்டுக்கு ஏற்றபடி மறுபக்கம் மாற்றினேன். துளை ஏற்கனவே இருந்தது.

டைட்டானியத்தில் கரண்ட் பாய்ச்சினால் நிறம் மாறும் என்று எங்கோ பார்த்திருந்தேன். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கிளிப்பைத் தொங்கவிட்டு, போர்டுக்குக் கொடுக்கிற பவர் சப்ளையை இணைத்தேன். வோல்ட்டை ஏற்ற ஏற்ற முதலில் செம்பு, பிறகு ஊதா, கடைசியில் நல்ல நீலம். பெயிண்ட் எதுவும் இல்லை. அன்று வந்த கஸ்டமர்கள் போனை மறந்துவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். நீலத்தில் நிறுத்தினேன். இதை மட்டும் யாரும் கேட்காமல் நானாகச் செய்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி நானே களத்துக்கு எடுத்துப் போனேன். பாய் வாங்கித் திறந்தார். ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துத் தள்ளினார். பிளேடு கொஞ்சம் இறங்கி, மொட்டைப் பகுதி விரலைத் தொட்டு நின்றது. விரலை எடுத்தார், பிளேடின் முதுகைத் தொடையில் அழுத்தி மூடினார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டல."

"இன்னொரு தடவை."

எத்தனை முறை செய்தார் என்று தெரியாது. பக்கத்தில் மூட்டையோடு வந்து நின்ற ஒரு விவசாயி வழக்கம்போலக் கையை நீட்டினார். "குடுங்க பாய், நான் வெட்டுறேன்."

பாய் அதற்குள் கொட்டையை வெட்டிவிட்டிருந்தார். ஒரு பாதியை அந்த நீட்டிய கையில் வைத்தார். "பருப்பு நல்லாருக்கு, பாருங்க." சொல்லிக்கொண்டே கத்தியை மூடி இடது பாக்கெட்டில் சொருகினார். விவசாயி பருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை யாரும் பார்க்கவில்லை. ஜீனத் அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார்.

அதற்கப்புறம் என் பழக்கம் ஒன்று மாறியிருக்கிறது. யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து இந்த பார்ட்டை மாற்றுங்கள் என்று கேட்டால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. முதலில் அதை என் முன்னால் பயன்படுத்திக் காட்டச் சொல்கிறேன். வேலை முடிந்து அதைத் திரும்பப் பாக்கெட்டில் வைக்கிற வரைக்கும் பார்க்கிறேன். பல கோளாறுகள் அந்தக் கடைசி அசைவில்தான் இருக்கின்றன. அதை யாரும் சொல்வதில்லை.