டயல் டோன் இருந்தது

சேவியர் என்ற மனிதரின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. அதைவிடக் கீழான ஒன்றையும் செய்தேன். அந்தப் பழியை என் தோழி லீனா தன் தலையில் ஏற்றிக்கொண்டபோது பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் மேலே படிப்பதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம்.

நான் தொலைபேசித் துறையில் வேலை செய்கிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே ஒரு சிறிய எக்ஸ்சேஞ்ச். அதன் பெயர் வேண்டாம். மண்ணுக்கடியிலும் கம்பங்களிலும் ஓடிவரும் ஒவ்வொரு இணைப்பும் எங்கள் கட்டடத்துக்குள் ஓர் இரும்புச் சட்டகத்தில் வந்து முடியும். ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி. எந்த ஜோடி யாருக்கு என்று எழுதிவைக்கும் பதிவேடு என் பொறுப்பு.

அதிகாரப்பூர்வமான பதிவேடு அது. என்னிடம் இன்னொன்றும் இருந்தது: சிறிய நோட்டு. மழைக்காலத்தில் எந்தெந்த ஜோடிகள் ஈரம் குடிக்கும் என்ற பட்டியல். எங்கள் கேபிள் பழையது. உள்ளே கம்பிகளுக்குக் காகிதம் சுற்றியது. கால்வாய் ஓரத்தில் எங்கோ அதன் உறை விரிசல் விட்டிருந்தது. ஈரம் குடித்த ஜோடிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எனக்கு எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் உறக்கம் வரும்.

லீனாவும் நானும் தனுவச்சபுரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் கடற்கரைக்காரி; அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். துறைத் தேர்வை இருவரும் எழுதினோம். எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் அதற்காக ஒருநாள் கூட முகம் வாடி நான் பார்க்கவில்லை.

அதுவரை இணையம் என்பது அரசு மட்டுமே விற்ற பொருள். தனியாரும் விற்கலாம் என்று அனுமதி வந்ததும், நகரத்து நிறுவனம் ஒன்றின் ஏஜென்சியை எடுத்துப் பாறசாலைப் பக்கம், எங்கள் எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குள், கடை திறந்தாள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. கடற்கரைப் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். வளைகுடாவில் இருக்கும் கணவன் எழுதியதை அவள் அச்செடுத்துக் கொடுப்பாள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாழ்ந்த குரலில் படித்தும் காட்டுவாள்.

கடை தனியாருடையது, ஆனால் பாதை எங்களுடையது. எந்தத் தனியார் நிறுவனமும் எங்கள் கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்... அந்த நாட்களில் என் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பது அப்போதுதான் புரியும்.

தனியார் வந்தால் நம் வேலை போகும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. என்னைச் சுட்டது வேறு. லீனாவின் இணைப்பு காத்திருப்போர் பட்டியலைத் தாண்டி வந்தது. நிறுவனம் மேலிடத்திலிருந்து கடிதம் வாங்கி வந்திருந்தது. பட்டியலில் அடுத்ததாக இருந்தவர் அதியன்னூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மாதம் தவறாமல் வந்து ஜன்னலில் நிற்பார். “மோளே, எண்டெ முறை வந்நோ?” என்று மலையாளத்தில் கேட்பார். ஈரம் குடித்த ஜோடியில் புது இணைப்பு கொடுப்பதில்லை; நல்ல ஜோடி காலியில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

முதல் மழை பெய்த வாரத்தில் நான் அதைச் செய்தேன். லீனாவின் நல்ல ஜோடியை எடுத்துக் கண்டக்டருக்குக் கொடுத்தேன். சிவப்புப் புள்ளி வைத்த ஒரு ஜோடியில் லீனாவைப் போட்டேன். சட்டகத்தில் இரண்டு துண்டுக் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. யாரும் உத்தரவிடவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

நியாயம் என்றுதான் நினைத்தேன். வரிசையைக் குலைத்தது அவர்கள், நான் சரிசெய்கிறேன்... அது மட்டும்தானா? அரசு வேலை எனக்கு இருந்தும் ஊர் லீனாவைப் பற்றித்தான் பேசியது. அது எனக்கு உறுத்தவே இல்லையா? உறுத்தியது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஈரமான ஜோடியில் குரல் கேட்கும். பின்னால் எண்ணெய் பொரிவதுபோல் லேசான இரைச்சல் இருக்கும். பேசுகிறவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டரைக் கம்பியோடு இணைக்கும் மோடத்துக்கு அந்த இரைச்சல் தாங்காது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம்... அறுந்துவிடும். எங்கள் துறையின் சோதனையோ குரலுக்கானது. டயல் டோன் இருக்கிறதா, பேச்சு கேட்கிறதா, இருந்தால் ‘லைன் சரி’ என்று எழுத வேண்டும். இணையத்துக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. நான் செய்ததைத் துறையின் எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது. எனக்கு அது தெரியும்!

லீனா புகார் கொடுத்தாள். லைன்மேன் சுகுமாரன் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார். “டோன் உண்டு, பேச்சும் உண்டு. பின்ன என்ன வேணுமாம் அவளுக்கு? பாட்டும் கேக்கணுமா?”

மூன்றாவது புகாருக்கு நானே போனேன். அவள் முன்னால் சோதனைக் கருவியை மாட்டி, டோனை அவள் காதிலும் வைத்தேன்.

“எடி உஷா, ஏழு நிமிஷம் ஆவும்போ கட் ஆவுது. எனக்குப் பிராந்து பிடிக்கும்போல இருக்கு. கம்பெனிக்காரன் லைன்ல தான் தப்புன்னு சொல்றான்.”

“லைன் நல்லா இருக்கு. உன் மோடம் செட்டிங்லதான் என்னமோ தப்பு உண்டு” என்றேன்.

அவள் என்னை நம்பினாள். நிறுவனத்தை நம்பவில்லை, என்னை நம்பினாள்.

ஸ்டெல்லா அக்கா திருப்புறத்தைத் தாண்டிக் கடல் பக்கத்தில் இருப்பவர். அவருடைய கணவர்தான் சேவியர். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. எல்லை தாண்டியதாக அந்தப் படகைப் பிடித்து, அதிலிருந்த ஏழு பேரையும் சிறையில் போட்டுவிட்டார்கள். அங்குள்ள நம்மவர்களின் சங்கம் ஒன்று அலைந்து திரிந்து விடுதலைக்கு வழி செய்தது. பாஸ்போர்ட்டுகள் படகு முதலாளியிடம் மாட்டிக்கொண்டதால், ஊரிலிருந்து ரேஷன் கார்டு, மாதா கோயிலில் கொடுத்த திருமணச் சான்று, புகைப்படம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். வியாழக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் யாருடையவை வருகின்றனவோ அவர்களுடைய பெயர்கள் விடுதலை மனுவில் சேரும். ஃபேக்ஸில் அனுப்பியபோது முகமும் முத்திரையும் கறுப்புத் திட்டாகப் போயின. ஸ்கேன் செய்து இணையத்தில் அனுப்புங்கள் என்றார்கள்.

மற்ற ஆறு குடும்பங்களும் திருவனந்தபுரத்துக்குப் போய் அனுப்பினார்கள். ஸ்டெல்லா அக்கா லீனாவிடம் வந்தார். நம்ம பிள்ளை என்று வந்தார்.

அந்த வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லீனா என்னை அழைத்தாள். பொரியும் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் தெளிவாகத்தான் கேட்டது.

“எடி, காலையில இருந்து அனுப்பிட்டிருக்கேன். பாதியில அறுந்து போவுது. ஸ்டெல்லா அக்கா கண்ணீரும் கையுமா இங்க இருந்து கரையுறாவ. நம்ம நேரம் ஆறரைக்குள்ள அங்க கிடைக்கணும். நான் இவியளையும் கூட்டிட்டு பஸ் ஏறட்டா? நீ சொல்லு.”

பின்னாலிருந்து அக்காவின் குரலும் கேட்டது. “மக்கா, அவியளுக்க படம் மட்டுமாவது போவுமா? கேளு மக்கா.”

அன்று நான் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். ஒன்று, லைனில் ஒன்றுமில்லை என்று மறுபடியும் சொன்னேன். இரண்டு, பஸ் வேண்டாம், மோடத்தின் வேகத்தைக் குறைத்துப் பார், போகும் என்றேன். மூன்று, சட்டகத்தின் முன்னால் போய் நின்றேன். துண்டுக் கம்பியைக் கையில் எடுத்தேன். நான்கு...

நான்கு, அதைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஏன்? பத்து நிமிட வேலை! கண்டக்டருக்கு ஒருநாள் பேச்சில் இரைச்சல் வந்திருந்தால் என்ன? ஆனால் நான் மாற்றிக் கட்டியவுடன் படம் போய்விட்டால், தப்பு லைனில்தான் இருந்தது என்று லீனாவுக்குத் தெரிந்துவிடும். அவள் நகரத்துக்குப் போய் அங்கே ஒரே முயற்சியில் படம் போய்விட்டாலும் தெரிந்துவிடும். அதனால்தான் பஸ் வேண்டாம் என்றேன். அப்போது எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததா? தெரிந்தது என்றே நினைக்கிறேன். குறைந்த வேகத்தில் போனாலும் போகலாம் என்று ஓர் ஆறுதல் வைத்துக்கொண்டேன். போகவில்லை.

ஐந்து மணிக்கு அவர்களே பொறுக்காமல் பஸ் ஏறினார்கள். பாலராமபுரத்தில் போக்குவரத்து நின்றுபோயிற்று. அவர்கள் அனுப்பி முடித்தபோது ஏழே முக்கால். சனிக்கிழமை பதில் வந்தது: மனு கொடுத்தாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம்.

ஆறு பேர் ஊர் திரும்பினார்கள். சேவியர் திரும்பவில்லை. அடுத்த மனு போவதற்குள் சிறையில் மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனார்.

வியாழக்கிழமை அந்தப் படம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? யாருக்குத் தெரியும்... வெளியே வந்தும் காமாலை கண்டிருக்கலாம். இந்தக் கேள்வியைப் பலமுறை எனக்குச் சாதகமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆறு பேர் உயிரோடு நடமாடுகிறார்கள் என்ற பதில்தான் வருகிறது.

சேவியரின் சவப்பெட்டி வந்த அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா யாரையும் பார்க்கவில்லை. திரும்பிய ஆறு பேரில் ஒருவருடைய அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி லீனாவைப் பார்த்துச் சொன்னார்: “தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். கடையும் தொறந்து வச்சிட்டு...”

லீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கொன்னேன்டி. நீ அண்ணைக்கே சொன்னியே, செட்டிங்ல தப்பு உண்டுன்னு. எனக்கு அதக் கண்டுபிடிக்கத் தெரியல்ல. நீ மட்டும்தான் மூணு தடவ கேட்டும் முகம் சுளிக்காம வந்து பாத்தே.”

ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது! ‘லீனா, லைனில்தான் தப்பு, நான்தான் மாற்றினேன்.’ அந்த இடத்தில் சொல்ல முடியாவிட்டால் மறுநாளாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? “அப்படியெல்லாம் பேசாதே.”

கடை மூடியது. பயத்தில், அல்லது வெட்கத்தில், அந்த வாரமே அவளுடைய இணைப்பைப் புதிதாகக் கிடைத்த ஒரு நல்ல ஜோடிக்கு மாற்றினேன். அதிலும் ஒரு கொடுமை காத்திருந்தது. நிறுவனம் அதே கடையை, அதே இணைப்பை, வேறொருவரிடம் கொடுத்தது. அவர் அமர்ந்த முதல் நாளிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒருமுறைகூட அறுபடவில்லை. அப்படியானால் லீனாவுக்குத்தான் வேலை தெரியவில்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. லீனாவும் அப்படியே முடிவுகட்டினாள். நான் சரிசெய்ததுதான் அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது.

மூன்று வாரங்களுக்கு முன் அவள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இப்போது தன் உடன்பிறந்த அக்காவின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறாள். பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். அந்த மாதங்களில் மோடத்தில் அவள் மாற்றிப் பார்த்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. என்ன மாற்றினாள், எத்தனை நிமிடத்தில் அறுந்தது, அன்று மழையா வெயிலா...

“இப்ப கடை வச்சிருக்க அந்த ஆளுட்ட போயி நான் கேக்க முடியாது பாரு. நீ லைன் பாக்கப் போவும்போ அவன் என்ன செட்டிங் வச்சிருக்கான்னு பாத்து, இதுல நான் எங்க விட்டேன்னு ஒண்ணு சொல்லுவியா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்டி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“பாத்துச் சொல்றேன்” என்றேன்.

படித்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, இரண்டு முறை. மழை பெய்த நாட்களில் சீக்கிரம் அறுகிறது என்று ஓரத்தில் அவளே கேள்விக்குறி போட்டு எழுதியிருக்கிறாள். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் என்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். லைன் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டதால் அங்கேயே நின்றிருக்கிறாள்.

அதன்பிறகு இரண்டு முறை ஃபோன் செய்தாள். இரண்டு முறையும் இன்னும் பார்க்கவில்லை, வேலை அதிகம் என்றேன். “அவசரம் ஒண்ணும் இல்ல மக்கா, மெதுவாப் பாரு” என்றாள்.

அந்த நோட்டில் ஒரு தவறுகூட இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.