தோட்டாவின் மேல் போட்ட பழி

லிஃப்ட் மெக்கானிக் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அதனாலேயே வாழ்க்கையில் அதிகம் பொய் சொல்லாமல் காலத்தை ஓட்டிவிட்டார். அன்று துப்பாக்கிச் சுடுகளத்தின் ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது இரண்டு காதும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

"இந்தத் தோட்டாவும் சரியில்லப்பா. வேற ஏதாவது குடு" என்றார்.

ஸ்டோர்காரர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, போட்டிக்குன்னே செஞ்ச தோட்டா இது. ஒவ்வொண்ணையும் எடை போட்டு, மருந்தை அளந்து நிரப்பினது. இதுவும் சரியில்லன்னா நான் எங்கண்ணே போறது? போன மாசம் வாங்கினதும் சரியில்ல. அதுக்கு முன்னாடி வாங்கினதும் சரியில்ல. உங்க ரைஃபிளுக்கு நாக்கு நீளமாயிடுச்சா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

ஸ்டோர்காரர் சொன்னது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. ரைஃபிளுக்கும் நாக்கு உண்டு என்பது அந்தக் களத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒரே கம்பெனி, ஒரே அட்டைப்பெட்டி, ஒரே விலை. ஆனால் இந்த மாதம் தயாரானது ஒரு ரைஃபிளுக்குப் பிடிக்கும், அடுத்த மாதம் தயாரானது பிடிக்காது. இலக்குப் பலகை கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் அளவில் தெரிகிற தூரத்தில், மயிரிழை வித்தியாசம்கூடப் பெரிய வித்தியாசம். ஆகவே நாலைந்து தயாரிப்புகளைச் சுட்டுப் பார்த்து, ரைஃபிள் எதை விரும்புகிறதோ அதையே மொத்தமாக வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். மெக்கானிக்கும் அப்படி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். அது இன்னும் அலமாரியில் தாராளமாக இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்.

காரணம் அவருடைய மனைவி. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு புதுப்பல்லை ஒட்டவைத்து, எது நிஜம் எது பொய் என்று சொந்தக்காரருக்கே மறக்கடிக்கிற கெட்டிக்காரி. ஆனால் களத்தில் அவளுக்கு வேறு பெயர். எல்லோரும் அவளைக் காத்துக்காரம்மா என்பார்கள்.

மெக்கானிக் பாயில் குப்புறப் படுத்து ரைஃபிளைத் தோளில் அணைத்துக்கொள்வார். அவள் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று கால் தாங்கியில் நிற்கும் தொலைநோக்கியில் வலது கண்ணை வைப்பாள். வெயிலில் தரைக்கு மேல் நெளிகிற கானல் எந்தப் பக்கம் சாய்கிறது, தூரத்துக் கொடி எவ்வளவு தூக்கிக்கொண்டு பறக்கிறது, புல் எப்படி மடங்குகிறது என்று பார்த்துவிட்டு, "எடது ரெண்டு" என்பாள். அவர் ரைஃபிள் மேலிருக்கும் திருகை இடப்பக்கம் இரண்டு கோடு திருப்பிவிட்டுச் சுடுவார். ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். ஒரு கண்ணை நிஜமாகவே மூடிக்கொண்டுதான். பல வருடங்களாக அவர்கள் வீட்டில் நிம்மதியாக ஒத்துப்போன ஒரே காரியம் இதுதான் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

இந்த விளையாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாள் வந்து வேடிக்கை பார்த்தவருக்குக்கூட அது புரிந்துவிடும். தோட்டாவில் கோளாறு என்றால் ஒன்று வேகமாகப் போகும், இன்னொன்று மெதுவாகப் போகும். வேகமாகப் போனது மேலே விழும், மெதுவாகப் போனது கீழே விழும். ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறும். பக்கவாட்டில் சிதறினால் அது பெரும்பாலும் காற்றின் வேலை. அதாவது, காற்றைப் படித்துச் சொன்னவரின் வேலை.

கொஞ்ச நாளாக மெக்கானிக்கின் ஓட்டைகள் பக்கவாட்டில்தான் விழுந்தன. கொடியில் துணி காயப்போட்டதுபோல ஒரே வரிசையாக, நடுவிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மேலே கீழே என்று பேச்சுக்கு ஒன்றுகூட இல்லை.

முதல் தடவை, ஏதோ பொல்லாத காற்று என்று விட்டுவிட்டார். மறு வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அவள் "வலது ஒண்ணு" என்று சொன்னபோது அவருடைய கன்னத்திலேயே காற்று வேறு பக்கமிருந்து பட்டது. திரும்பிப் பார்த்தார். அவள் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

குண்டு எங்கே விழுந்தது என்று காட்டும் சின்னத் திரை அவர் பாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் "எப்படிங்க?" என்று கேட்பதற்குள் அதை அழித்துவிட்டு, "இந்தத் தோட்டா சொதப்புது" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தத் தோட்டா புராணம்.

உண்மையைச் சொல்வதற்கு என்ன கேடு என்று நாம் கேட்கலாம். அவருக்கு ஒரு பழைய சூடு இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு போட்டியில் அவள் காற்றைத் தப்பாகச் சொல்லிவிட, அத்தனை பேருக்கு முன்னால் "எல்லாம் உன்னாலதான்!" என்று கத்திவிட்டார். அவள் நாற்காலியை மடக்கினாள். அந்த வருடம் முழுக்கக் களத்துப் பக்கமே வரவில்லை. அவர் தனியாகப் படுத்து, தனியாகச் சுட்டு, தனியாகத் திரும்பி வந்தார். இனி ஜென்மத்துக்கும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தவர். இப்போது சொன்னால், அவள் மறுபடியும் நாற்காலியை மடக்கிவிடுவாளோ என்று பயம். அவள் இல்லாத களம் அவருக்கு வேண்டாம். அதற்கு ஊரிலுள்ள தோட்டாவையெல்லாம் திட்டிவிட்டுப் போகலாம்.

ஆனால் அவள் விடுகிற ஆளா? ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நீங்க தோட்டா தேர்ந்தெடுக்கற லட்சணம் என்னங்க இது? காத்தடிக்கற நேரத்துல, அவ்வளவு தூரத்துல வெச்சு சுட்டுப் பார்த்தா எது நல்லதுன்னு எப்படித் தெரியும்? விடியக்காலைல, கொடி அசையாத நேரத்துல, கிட்டக்க ஒரு காகிதத்தை ஒட்டி எல்லாப் பெட்டியையும் வரிசையா சுடுங்க. வேகம் காட்டற மெஷினையும் வைங்க. இதைக்கூட நான் சொல்லணுமா?"

"பாக்கலாம்மா. இந்த வாரம் ரெண்டு கட்டடத்துல லிஃப்டு நின்னுபோச்சு..."

"அடுத்த வாரம்?"

"கயிறு மாத்தணும்."

"எந்தக் கயிறுன்னு நான் கேக்கல. ஞாயித்துக்கெழம போறோம்."

அதற்கு மேல் பிடி கொடுக்காமல் நழுவ அவருக்குத் தெரியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். காது சிவந்திருந்ததை அவள் பார்த்தாளா இல்லையா என்பது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கிற நேரத்தில் களத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான். கொடிகள் ஈரத்துணியாகத் தொங்கின. ரைஃபிளை மணல் மூட்டையில் சாய்த்து, கிட்டத்துப் பலகையில் பெட்டிக்கு ஒன்றாகக் காகிதம் ஒட்டினார்கள். ஒவ்வொரு குண்டும் போகிற வேகத்தை எண்ணாகக் காட்டும் கருவியை அவள் தன் மடியருகே வைத்துக்கொண்டாள்.

படுத்த பிறகுதான் மெக்கானிக்குக்கு விஷயம் உறைத்தது. காற்று இல்லை. கிட்டத்துப் பலகை. எல்லாத் தோட்டாவும் ஒழுங்காகத்தான் விழும். பழைய தோட்டா ஒரே ஓட்டைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய் உட்காரும். அப்புறம் எதைச் சொல்லிச் சப்பைக்கட்டு கட்டுவது? இத்தனை நாள் கட்டிய பொய் காகிதத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். பழைய பெட்டியின் முறை வந்தபோது, வேண்டுமென்றே ஒரு குண்டை மேலே ஏற்றினார், அடுத்ததைக் கீழே இறக்கினார். பிறகு மேலே, பிறகு கீழே. நன்றாகச் சுடப் பழகிய விரலுக்குக் கெட்டதாகச் சுடுவது என்ன பாடு என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வேர்த்துவிட்டது.

போய்க் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். "பாத்தியா? மேலயும் கீழயுமா எப்படிக் கெடக்கு பாரு. நான்தான் சொன்னேன்ல, தோட்டா சரியில்ல."

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு மடியருகே இருந்த கருவியைப் பார்த்தாள். அப்புறம் அவருடைய காதைப் பார்த்தாள்.

"வேகம் எல்லாம் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கு" என்றாள் மெதுவாக. "வேகம் மாறாம, இவ்வளவு கிட்டக்க, ஓட்டை மட்டும் எப்படிங்க மேல கீழ போகும்?"

அவர் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"வேணும்னேதான சுட்டீங்க?"

"இல்லம்மா, அது வந்து... ரைஃபிள்ல ஏதாவது..."

"ரைஃபிள்லயும் இல்ல, தோட்டாலயும் இல்ல. நீங்க அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு தடவ திரைய நானும் எட்டிப் பார்த்தேன். இவ்வளவு நாளா பக்கவாட்டுலதான போச்சு?" அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். "தோட்டா மேல கீழதாங்க தப்பு பண்ணும். பக்கவாட்டுல தப்பு பண்ணது நான்."

மெக்கானிக் மணல் மூட்டையின் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஒரு கறை தெரியுதுங்க" என்றாள் அவள். "கண்ணாடில அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சுப் பார்த்தேன். போகல. வேற ஒருத்தர் தொலைநோக்கில பார்த்தேன். அதுலயும் அதே எடத்துல இருந்துச்சு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க பாட்டுக்கு தோட்டாவத் திட்டிக்கிட்டே இருந்தீங்களா, ஒருவேளை தோட்டாதானோன்னு நானும் ஆசையா நம்பிட்டு இருந்தேன்."

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்தத் தடவை சொன்னதுக்கு நீ ஒரு வருஷம் வரவேயில்ல."

"சொன்னதுக்கா வராம இருந்தேன்? கத்தினதுக்கு வராம இருந்தேன். ரெண்டும் ஒண்ணா?"

ரெண்டும் ஒன்று இல்லைதான். இத்தனை வருடமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை. தேம்பி அழுகிற வயதா அவருக்கு? ஆனாலும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் தன் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினாள். கண்ணாடி துடைக்கிற துணி என்பதால், ஒற்றிக்கொள்ள மிருதுவாகத்தான் இருந்தது.

கண் மருத்துவர் இளவயதுப் பெண். வலது விழிக்குள் பின்பக்கம், நடுப்பார்வை இருக்கிற இடத்தில் நீர் கோத்திருக்கிறது என்றார். வீட்டிலும் வேலையிலும் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதால், ஒன்று சுணங்கினால் மற்றது ஈடுகட்டிவிடும், தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணால் பார்த்ததால்தான் வெளியே தெரிந்திருக்கிறது என்று விளக்கினார். ஊசி போட்டால் மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம். போனது முழுக்கத் திரும்பாது.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்று மருத்துவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மெக்கானிக் வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாங்கித் திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு பெட்டியும் கண் முன்னால் வந்து நின்றது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளுடைய கண்ணைத் தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் என்னாலதான்" என்றார்.

"பாதிதான் உங்களால. மீதி பாதி நான் துடைச்சுக்கிட்டு இருந்தேன்ல? எழுந்திரிங்க, மருந்து வாங்கணும்."

ஊசிகள் போட்டு முடிந்து, மருத்துவர் வெளியே போகலாம் என்று சொன்ன பிறகு ஒரு காலையில் இரண்டு பேரும் களத்துக்குப் போனார்கள். ஸ்டோர் ஜன்னலைக் கடக்கும்போது, "அண்ணே, புதுசா ஒண்ணு வந்திருக்கு, பாக்கறீங்களா?" என்று ஸ்டோர்காரர் சீண்டினார். "பழசே போதும்ப்பா. அது தங்கம்" என்றார் மெக்கானிக். காது சிவக்கவில்லை.

அவர் தூரத்துப் பலகையைப் பார்த்துப் படுத்தார். அவள் நாற்காலியை விரித்து, தொலைநோக்கியை நகர்த்தி, இந்த முறை இடது கண்ணை வைத்தாள். அந்தக் கண்ணுக்கு இந்த வேலை புதிது. வலது கை பழக்கமுள்ளவர் இடது கையால் கையெழுத்துப் போடுவதுபோலத் தடுமாறினாள். கானலைத் தேடினாள், கொடியைத் தேடினாள். அவர் காத்திருந்தார்.

"எடது ரெண்டு" என்றாள் கடைசியில்.

அவர் திருகினார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சுட்டார்.

"எப்படிங்க?"

திரையில் புள்ளி நடுவிலிருந்து நன்றாக இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. அவருடைய விரல் பழக்கதோஷத்தில் திரையை அழிக்கப் போனது. பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தார். அவள் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் விறைத்திருந்தன.

அவர் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

"தோட்டா நல்லாத்தான் போச்சு" என்றார். "தப்பு உன்னோடதும்மா. எடதுல ஒரு கோடு கூடச் சொல்லிட்ட."

அவள் தோள் தளர்ந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. ஸ்டோர்காரர் என்னமோ ஏதோ என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் குனிந்து, இடது கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தாள்.

"அப்ப எடது ஒண்ணு வைங்க" என்றாள். "இதுவும் தப்பாப் போனா, இதே மாதிரி சொல்லணும்."