ஒரே பெயருக்கு வந்த கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன், பதுளைப் பக்கம் நான் வேலை செய்த ஆடைத் தொழிற்சாலையைத் திடீரென்று மூடிவிட்டார்கள். பதினொரு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நான். பூனாகலை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும். அம்மா கொழுந்து பறித்து வாங்கும் சம்பளம் அரிசிக்கே பற்றாது.

நட்டஈட்டுக்குப் பதுளை தொழில் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். பண்டாரவளையில் மெஷின் திருத்தும் ஆறு மாதப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்தேன். மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டினால்தான் இடம். நட்டஈடு வந்தால் கட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

வாரங்கள் போயின. என்னோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. லயத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தினமும் போய்க் கேட்பேன். இல்லை என்பார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் எழுதக் கொப்பி கேட்டாலே எரிந்து விழுந்தேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பதுளைக்குப் போனேன். தொழில் அலுவலகத்தில் நட்டஈட்டு மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். ஃபைலைப் புரட்டிவிட்டு, "கடிதம் எப்பவோ போட்டாச்சு தங்கச்சி. வந்து சேரேல்லையோ?" என்றார்.

பேருந்தில் யாரோ சொன்னது மனதில் ஏறியிருந்தது. "சும்மா சொல்லாதீங்க சேர்! கைல ஏதாச்சும் குடுத்தாதான் ஃபைல் நகருமோ?" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் முகம் சிவந்தது. "கொஞ்சம் இருங்கோ, அதில என்ன கேட்டிருக்கெண்டு..." என்று ஆரம்பித்தார். நான் காதில் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். வீடு வரும்வரை அழுகை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. லயத்து வாசலில் ஒரு அக்கா வந்து நின்றார். எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசனில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். முன்பின் பழக்கமில்லை. சேலையெல்லாம் நனைந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கடித உறையை மட்டும் நனையாமல் எடுத்தார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேராம் புள்ள. ஆபீசுல என்கிட்ட குடுத்துட்டாங்க. இத்தன வருசம் வேல செஞ்சதுக்கு வர்ற சர்வீஸ் காசுக்கு நானும் எழுதிப் போட்டு ஒரு வருசமாச்சா, அதுதான் வந்துருச்சுனு நெனச்சுட்டேன். முந்தாநாளு பதுளைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க மேசையில இருக்குற கண்ணாடி போட்ட ஐயா என் அடையாள அட்டைய பாத்துட்டு, இது உன்னுதுனு சொன்னாரு."

உறையின் பின்பக்கம் என் டிவிசன், லயத்து இலக்கம் எல்லாம் பேனாவால் எழுதியிருந்தது.

"அவருதான் எழுதிக் குடுத்தாரு. அந்தப் புள்ளைக்குத் திங்கக்கெழமதான் கடைசி நாளு, எப்படியாவது சேத்துருங்கன்னு சொன்னாரு. நேத்து காய்ச்சல்ல எந்திரிக்க முடியல, மன்னிச்சுக்க."

உறையைப் பிரித்தேன். சிங்களத்தில் இருந்தது. வேலைச் சான்றிதழின் மூலப்பிரதியோடு மறுநாளுக்குள் வராவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வோம் என்று எழுதியிருந்தது. உடனே டிரங்குப்பெட்டியைக் கவிழ்த்துச் சான்றிதழைத் தேட ஆரம்பித்தேன். அது அகப்பட்டு நான் நிமிர்ந்தபோது அந்த அக்கா போய்விட்டிருந்தார். ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்தேன். அதே மேசை, அதே மனிதர். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு சேர்" என்றேன். அவர் தலை நிமிராமல் சான்றிதழைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். "கடிதம் கிடைச்சுதுதானே, அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

பணம் வர இன்னும் இரண்டு மாதமானது. அந்தப் பயிற்சியில் என் இடம் போய்விட்டது. அடுத்த தொகுதியில் சேர்ந்தேன். பதினேழு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். இப்போது பண்டாரவளையில் ஒரு தையல் நிலையத்தில் மெஷின் திருத்துகிறேன்.

முதல் சம்பளம் வாங்கிய வாரம் மேல் டிவிசனுக்குப் போய் அந்த அக்காவைத் தேடிப் பிடித்தேன். அவருடைய காசு அப்போதும் வந்திருக்கவில்லை. பதுளைக்குக் கூட்டிப்போய் விசாரித்து, பழைய பதிவில் பிழையாக இருந்த பிறந்த ஆண்டைத் திருத்த எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் ஏழு மாதம் இழுத்துத்தான் கிடைத்தது.

ஒரு வருடம் காத்திருந்த கடிதம் தன்னுடையதில்லை என்று தெரிந்த பிறகும் அதை நனையாமல் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவு வருவதில்லை, ஏனென்றால் நான் என் கடிதத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.